ஒரு உலுக்கு

மே 10

இது யார் கையில் கிடைத்தாலும் உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். வேறு யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்குக்கூட வேண்டாம். அம்மாவுக்கு முக்கியமாக வேண்டாம். படித்து முடித்ததும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

என் பெயர் சுகிர்தா. பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக வீட்டில் இருக்கிறேன். எல்லோரும் படுத்த பிறகு போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

நேற்று சாயங்காலம் எங்கள் தோட்டத்தில் டிப்பர் தொட்டிக்கு அடியில் மயிலான் சிக்கிக்கொண்டான். மயிலான் எங்கள் பண்ணையத்தில் வேலைக்கு இருக்கிறவன். தோட்டத்து மூலையில் உள்ள எங்கள் சாளை வீட்டில் அவனும் அவன் பெண்டாட்டி ஆராயியும் மகள் கௌசல்யாவும் இருக்கிறார்கள். உயிர் இருக்கிறதாம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இடது கால்தான் மோசம் என்று அப்பா போனில் யாருக்கோ சொன்னார்.

தொட்டி இறங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

டிப்பர் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களிடம் முன்பு இருந்தது சாதாரண டிரெய்லர். எருவோ மண்ணோ ஏற்றி வந்தால் நாலு பேர் மேலே ஏறி நின்று மண்வெட்டியால் தள்ளி இறக்க வேண்டும். டிப்பருக்கு அது வேண்டாம். டிராக்டர் சீட்டில் இருந்தபடியே லீவரைத் தூக்கினால் அடியில் இருக்கும் ஜாக்கி தொட்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். பின்கதவு திறந்து எல்லாம் சரிந்து விழும். லீவரைத் தள்ளினால் தொட்டி இறங்கும். நானே தூக்கி இறக்கியிருக்கிறேன். அப்பாதான் மட்கார்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

டார்ச் மங்குகிறது.

மே 11

இன்றும் மழை. மத்தியானம் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்க ஆள் இல்லாததால் நானும் அம்மாவும் அறுத்தோம். ஆராயி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பால் கறந்தது அம்மா. சாணி வழித்தது நான்.

மாட்டுக்கொட்டகையில் ஒரு ஓரத்தில் தகரம் தொங்குகிறது. கன்றுக்குட்டி நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தகரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி முட்டுக் கொடுத்திருந்தது. அதைக் காணோம்.

அது டிப்பரோடு வந்த கம்பி. தொட்டியைத் தூக்கி வைத்து அடியில் யாராவது வேலை செய்வதானால் முதலில் அந்தக் கம்பியை முட்டுக் கொடுக்க வேண்டும், மறக்கவே கூடாது என்று விற்றவர் அப்பாவிடம் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். வீட்டுக்கு ஓட்டிவந்த அன்றைக்கே அது கடகடவென்று ஆடி எரிச்சல் பண்ணுகிறது என்று அப்பா கழற்றினார். பங்குனி மாதத்திலிருந்து அது மாட்டுக்கொட்டகையில்தான் நின்றுகொண்டிருந்தது.

கன்றுக்குட்டியை அவிழ்த்து உள்ளே கட்டினேன். அம்மாவிடம் கம்பி எங்கே என்று கேட்கவில்லை.

மே 12

போலீஸ் வந்தார்கள். எஸ்.ஐ. ஒரு பெண். வெயிலில் நின்று டிப்பரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு போலீஸ்காரர் போட்டோ எடுத்தார். கம்பி டிப்பரில் அதன் இடத்தில் இருந்தது.

"முட்டுக்கம்பி இருக்குதே. ஏன் போடல?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"அதத்தானுங் நானும் தலைபாடா அடிச்சுக்கறது. அவன் கேட்டாத்தானே? முட்டுக் குடுக்காம அடியில பூந்துட்டான். லீவர்ல கைய கிய வெச்சானோ என்னமோ, நான் அந்தப்பக்கம் தண்ணி குடிக்கப் போயிருந்தனுங்" என்றார் அப்பா.

எஸ்.ஐ. கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோனார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். சாணி வாசம் மழையில் அவ்வளவு சீக்கிரம் போகாது.

108-க்குப் போன் பண்ணியது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "நீ எங்கம்மா இருந்தே?"

"வீட்டுக்குள்ள. சத்தம் கேட்டு ஓடுனேன்." அம்மா முந்தின நாள் ராத்திரி சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். அம்மா என் தோளில் கை வைத்திருந்தாள். கட்டைவிரல் எலும்பில் குத்தியது.

எஸ்.ஐ. தன் நம்பரைச் சொல்லி, "ஏதாவது ஞாபகம் வந்தா கூப்புடு" என்றார். அம்மா, "அவளுக்கு என்ன ஞாபகம் வரப்போகுதுங், கொழந்த" என்றாள். நான் நம்பரை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே குளியலறைக்குப் போய், சோப்பு டப்பாவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் எழுதினேன்.

டிப்பரை ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போனார்கள்.

மே 13

பெரியப்பா ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பக்கத்துத் தோட்டத்துக் குப்புசாமி பெரியப்பா. அப்பாவுக்குப் பங்காளி முறை. ஊரில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் அது முடிந்த மாதிரி.

"நான் வரப்புல நின்னுட்டு தென்னம்புள்ளையப் பாத்துட்டு இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன்னு சொல்லிப்போட்டேன்" என்றார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள்.

டிப்பர் வாங்க வேண்டாம் என்று இந்த ஊரில் முதலில் சொன்னவரே பெரியப்பாதான். மாசி மாதத்தில் எங்கள் வாசலில் உட்கார்ந்து அப்பாவிடம் ஒரு பொழுது பூராவும் சண்டை.

"ஏன் நாச்சிமுத்து, டிப்பர்ல ஏத்துனா ஒரே எடத்துல குமியாக் கொட்டும். அத இழுத்துப் பரத்தறதுக்கு மறுக்கா நீ ஆளுத் தேடோணும். பழைய டிரெய்லர்னா ஆளுக மேல நின்னு காடு பூராம் வெசிறி எறக்கிப் போடுவாங்க. இதுல எங்க லாபம், சொல்லு?"

"ஆளு எங்கீங்கண்ணா வர்றாங்க? வந்தாலும் வெத்தலையப் போட்டு முடிக்கறதுக்குள்ள பொழுது எறங்கிருது."

"நம்ம காடு மேடும் பள்ளமும். சரிவுல நிறுத்தித் தூக்குனீன்னா ஒருபக்கமா சாஞ்சு டிராக்டரையே இழுத்துப் போட்டுரும். ஈர மண்ணு ஏத்துனா தொட்டியோட அப்பிக்கும், எறங்காது. அப்பறம் அதைய வெச்சு அப்பளமா பொரிப்பே?"

திண்டுக்கல் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது பஸ்ஸில்கூட அப்பா அதையே பேசிக்கொண்டு வந்தார். பெரியப்பா சொன்னதற்கெல்லாம் பதில் கண்டுபிடித்துவைத்து அம்மாவிடம் சொன்னார். அம்மா தூங்கிவிட்டாள். நான்தான் 'ம்' கொட்டினேன்.

வாங்கி வந்த முதல் மாதம் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. எரு அத்தனையும் மூன்றே நாளில் காட்டுக்குப் போய்விட்டது. செங்கல், தேங்காய் மட்டை, கிணற்றுக் கல் எல்லாம் சர்ரென்று இறங்கின. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அப்பா வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகத் தூக்குவார்.

மே 14

அம்மா மலைக்கோயிலுக்கு முடிகாணிக்கை வேண்டியிருக்கிறாள். மயிலான் இன்னும் கண் முழிக்கவில்லை. முழிக்க வேண்டும் என்று வேண்டினாளா என்று நான் கேட்கவில்லை.

மே 16

ரிசல்ட்.

கௌசல்யாவிடம் போன் இல்லை. புறவாசலில் வந்து நின்றாள். ஆராயி ஆஸ்பத்திரியில் இருப்பதால் அவள் மட்டும் சாளையில் தனியாக இருக்கிறாள், கோழிகளுக்காக. பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே பெஞ்ச். அங்கே என்னை சுகி என்று கூப்பிடுவாள். தோட்டத்தில் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள், எதிரில் வந்து நிற்பாள், அவ்வளவுதான்.

அம்மா போனில் அவள் பரீட்சை நம்பரைப் போட்டுப் பார்த்தேன். என்னைவிட அதிகம். கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே அவள்தான் முதலாக இருப்பாள். போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். பார்த்தாள். சிரிக்கவில்லை.

"நீ பாத்தியா?" என்றாள்.

மார்க்கைக் கேட்கிறாள் என்று நினைத்தது மாதிரி, "இப்பத்தான் பாத்தேன்" என்றேன்.

"அதில்ல. எங்கப்பனுக்கு எப்புடி ஆச்சுன்னு."

"இல்ல. நான் வீட்டுக்குள்ள இருந்தேன்."

அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள். பிறகு, "உன்ற செருப்பு ஒண்ணு அங்க வரப்புல கெடந்துச்சு. மழை வந்துரும்னு எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். கையிலிருந்த பையிலிருந்து எடுத்துத் துணி துவைக்கும் கல்மேல் வைத்துவிட்டுப் போனாள். கழுவியிருந்தாள்.

மே 17

எழுதிவிடுகிறேன். இன்றைக்கு எழுதாவிட்டால் நானே வீட்டுக்குள் இருந்ததாக நம்பிவிடுவேன்.

கோடையில் குளத்து வண்டல் அள்ளிக் காட்டுக்கு அடிப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். தாசில்தார் ஆபீசில் அனுமதி கொடுப்பார்கள். இந்த வருஷம் நடுவில் மழை பெய்துவிட்டது. வண்டல் களியாகிவிட்டது. மற்றவர்கள் காயட்டும் என்று விட்டுவிட்டார்கள். அனுமதி முடியப்போகிறது என்று அப்பா மட்டும் அள்ளினார். ஈர மண் டிப்பருக்கு ஆகாது என்று பெரியப்பா சொன்னது அப்பாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இது என் நினைப்பு.

அன்று பெரியப்பா வரப்பில் நின்றிருந்தார். நான் தேங்காய் மட்டைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தேன். அப்பா தொட்டியைத் தூக்கினார். கதவு திறந்தது. ஒரு கூடை மண்கூட விழவில்லை. களி அப்படியே அப்பிக்கொண்டு நின்றது.

பெரியப்பா சிரித்தார். "நான் சொல்லல? கெரண்டிய வெச்சு வழிச்சு எடு, தோசையாட்டம்."

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "டேய் மயிலா, அடியில பூந்து தொட்டிய நாலு தட்டுத் தட்டு." மயிலான் சம்மட்டியோடு உள்ளே போனான். முட்டு எதுவும் இல்லை. அவன் ஒரு தடவை அப்பாவைப் பார்த்தான். அது கம்பியைப் பற்றிக் கேட்கிற பார்வை. அப்பா பெரியப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் கேட்டது. மண் அசையவில்லை.

"ஆளு வெச்சுத்தான் எறக்கோணும்னா டிப்பர் எதுக்கு நாச்சிமுத்து?"

"பாருங்கண்ணா. ஒரு உலுக்கு. ஒரே ஒரு உலுக்குல விழுதா இல்லியான்னு பாருங்க."

தொட்டியைச் சட்டென்று கொஞ்சம் இறக்கி நிறுத்தினால் மண் குலுங்கி விழும். அப்பா அதற்கு முன்பும் அப்படிச் செய்திருக்கிறார். அன்று லீவரைத் தள்ளினார். நிற்கவில்லை. பாரம் முழுவதும் உள்ளேயே இருந்தது அல்லவா.

தள்ளிப் போ என்று அப்பா சொல்லவில்லை. பெரியப்பா தென்னம்பிள்ளையைப் பார்க்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டு, சிரித்தபடியே இருந்தார். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து போவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மண் விழுந்தது. பிறகு, தொட்டியைத் திரும்பத் தூக்கியபோது.

மே 21

மயிலான் கண் முழித்துவிட்டானாம். நான் குளியலறைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான். அவனே சொல்லிவிடுவான். நான் சொல்ல வேண்டியதில்லை.

மே 24

அப்பா, அம்மாவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் வந்தால் நன்றாக இருக்கும் என்று அப்பா சொன்னார். ஹார்லிக்ஸ், ஆப்பிள் வாங்கினோம்.

இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. போர்வை அந்த இடத்தில் தட்டையாக இருந்தது. அப்பாவைப் பார்த்ததும் மயிலான் எழுந்து உட்காரப் பார்த்தார். கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"படுறா, படுறா. நான் இருக்கேன் உனக்கு" என்றார் அப்பா. அப்பா கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை. எனக்குத் தெரியும். "உன்ற காலம் பூராம் அந்தச் சாளை உன்றதுதான். புள்ள படிப்பு என்ற பொறுப்பு. போலீஸ்காரம்மா வரும். பாத்துச் சொல்லு."

"சரீங் பண்ணாடி."

என்னைப் பார்த்து, "அம்மிணி பாஸாயிட்டீங்களா?" என்று கேட்டார்.

மே 25

எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனாராம். லீவரைத் தானே தள்ளிவிட்டு அது இறங்குவதற்குள் தட்டிவிடலாம் என்று அடியில் போனதாகவும், யார் மேலும் தப்பு இல்லை என்றும் மயிலான் சொல்லிவிட்டார். கைநாட்டு வைத்துவிட்டார்.

சீட்டில் இருக்கிற லீவரைத் தள்ளிவிட்டு ஒரு மனுஷன் ஓடிவந்து எப்படி அடியில் புகுவான்? அப்படி எழுதிக்கொள்ள யாருக்கும் கை கூசவில்லை.

ராத்திரி அம்மா வடை சுட்டாள். எனக்கு வேண்டாம் என்றேன். "திங்கறதுக்கு என்ன கேடு?" என்று தட்டில் வைத்தாள். தின்றேன். நன்றாக இருந்தது. அதுதான் எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 4

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பிளஸ் ஒன். கணக்கு குரூப் பெஞ்சில் பக்கத்து இடம் காலி. டீச்சர் கேட்டபோது, கௌசல்யா அவங்க அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்றேன்.

ஜூன் 9

டிப்பர் வந்துவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். அப்பா கழுவி, அடியில் மட்டும் சிவப்புப் பெயின்ட் அடித்தார். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள்.

பெரியப்பா வந்து திருஷ்டிக் கயிறு கட்டிவிட்டு, "ஒரு வாரத்துக்கு எனக்கு விடு. தென்னைக்கு எரு அடிக்கோணும். இந்த வருஷம் ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டேங்கறான்" என்றார்.

அப்பா சிரித்தார். உண்மையான சிரிப்பு. ஒரு மாதமாக அதைப் பார்க்கவில்லை. "நீங்கதானுங்கண்ணா லாபமில்லைன்னீங்க?"

"ஈர மண்ணுக்குத்தான் ஆகாதுன்னேன். காஞ்ச சரக்குக்கு இதை அடிச்சுக்க ஒண்ணு கெடையாது."

ஜூன் 13

மயிலான் வந்துவிட்டார். ஆட்டோவில் வந்தார். சாளை வாசலில் கட்டில் போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள். மாடு அவர் குரலைக் கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தது.

தண்ணீர் எடுக்கும்போது கௌசல்யாவைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு எப்போது வருவாய் என்று கேட்டேன்.

"எங்கப்பன் பொய் சொல்லிருக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "எதுக்குச் சொல்லுச்சுன்னும் தெரியும். அது சாளைக்காவ. நீ எதுக்காவச் சொன்னே?"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 17

அப்பாவும் அம்மாவும் கட்டுத்தறியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒடிசாக்காரக் குடும்பம் ஒண்ணு வருது. புருசன், பொண்டாட்டி, ரெண்டு தம்பிக. நாலு பேரும் வேலை செய்வாங்க. தங்க எடம் வேணுங்கறாங்க."

"சாளையில அவங்க இருக்கறாங்களே" என்றாள் அம்மா.

"இருந்து? அவனால மாடு கட்ட முடியுமா, தண்ணி கட்ட முடியுமா? ஆராயி அவனப் பாக்கவே சரியாப் போகுது. ஊருக்குள்ள அவங்க தெருவுல அவனோட அண்ணன் ஊடு பூட்டித்தானே கெடக்குது. அங்க போயி இருக்கட்டும். நான் என்ன கைவிட்டா போடறேன்? அப்பப்பக் குடுக்கறேன்."

நான் வாளியை வைத்துவிட்டு, "காலம் பூராம்னு சொன்னீங்களே" என்றேன். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை. "பெரியவங்க பேச்சுல வராத அம்மிணி" என்றார். அவ்வளவு மெதுவாக. நான் வாளியை எடுத்து மாட்டுக்கு முன்னால் வைத்தேன்.

ஜூன் 21

இன்று காலையில் மயிலான் வீட்டுச் சாமான்களைக் கொண்டுபோய் விட்டோம். விட்டோம் என்றால் அப்பாவும் நானும். ஞாயிற்றுக்கிழமை. "டிப்பர் இருக்கே, ஒரே நடையில போயிரும்" என்று அப்பா சொன்னார்.

இரும்புப் பெட்டி, அண்டா, உரல் குழவி, கோழிக்கூடை, துணி மூட்டைகள், கௌசல்யாவின் புத்தகங்கள் கட்டிய சாக்கு, சாமி படம், கட்டில். தொட்டியில் பாதிகூட நிறையவில்லை. மயிலானை முன்னாலேயே யாரோ பைக்கில் கூட்டிப்போய்விட்டார்கள். ஆராயியும் கௌசல்யாவும் டிப்பருக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். ஏறிக்கொள்ளச் சொல்லி அப்பா கூப்பிட்டார். அவர்கள் வரவில்லை.

ஊருக்குள் அவர்கள் தெருவில், பூட்டியிருந்த அண்ணன் வீட்டு முன்னால் மயிலான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆராயி கதவைத் திறக்கப் பார்த்தாள். பூட்டு துருப்பிடித்து வரவில்லை. கல்லால் தட்டிக்கொண்டிருந்தாள். கௌசல்யா ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தாள். நானும் ஏறி ஒரு மூட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா போனைப் பார்த்தார். "த்ரீ பேஸ் கரண்ட் வர்ற நேரம். மோட்டாரு போடோணும். இப்பிடி ஒவ்வொண்ணா எடுத்தா மத்தியானம் ஆயிரும். எறங்கு அம்மிணி."

இறங்கினேன். அப்பா என்ன செய்யப்போகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை என்று எழுதப் பார்த்தேன். புரிந்தது. இறங்கினேன்.

"எல்லாருந் தள்ளிப்போங்க! கௌசல்யா, தள்ளிப் போ! கிட்டத்துல யாரும் நிக்காதீங்க!"

இந்தத் தடவை அப்பா சத்தம் போட்டுச் சொன்னார். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். ஒரு குழந்தை குறுக்கே வந்தது, அது போகிறவரைக்கும் காத்திருந்தார். பிறகு லீவரைத் தூக்கினார்.

முதலில் கோழிக்கூடை வந்தது. பிறகு எல்லாம் சேர்ந்து வந்தன. உரல் சாமி படத்தின்மேல் விழுந்தது. அண்டா உருண்டுபோய்ச் சாக்கடையில் நின்றது. சாக்கு பிரிந்து புத்தகங்கள் மண்ணில் சரிந்தன. கூடைக்குள் கோழிகள் கத்தின.

தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போலிருக்கிறது. "சாமான் ஒண்ணும் ஒடையலயே மயிலா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகலீங் பண்ணாடி. பரவால்லீங்" என்றார் மயிலான்.

கௌசல்யா குனிந்து புத்தகங்களைப் பொறுக்கினாள். நான் உதவப் போனேன். அவள் தலையைத் தூக்காமல், "உங்கப்பா மோட்டாரு போடப் போகோணும்" என்றாள்.

வரும் வழியில் காலித் தொட்டி தடதடவென்று ஆடியது. எதிரே வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, புதுசாக டிப்பர் வாங்கலாம் என்றிருக்கிறேன், பிரயோசனம் உண்டுங்களா என்று அப்பாவிடம் கேட்டார்.

"கண்ண மூடிட்டு வாங்குங்க" என்றார் அப்பா. "ஆளுக்கு யார் காலையும் புடிக்க வேண்டீது இல்ல. நாலு ஆளு வேலை ஒரு நிமிசம்."

மத்தியானம் குளியலறைச் சுவரில் இருந்த நம்பருக்கு அம்மா போனிலிருந்து கூப்பிட்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினேன். தேங்காய் மட்டைமேல் உட்கார்ந்திருந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி எங்கே நின்றிருந்தது என்பதையும் சொன்னேன். பெரியப்பா சிரித்ததையும் சொன்னேன்.

எஸ்.ஐ. எல்லாம் கேட்டுவிட்டு, "உன் பேரு வெளிய வரும் கண்ணு. நீ அந்த வீட்லதான் இருக்கோணும். யோசிச்சுட்டியா?" என்றார்.

அப்பாவை ஜெயிலில் போட்டுவிடுவீர்களா என்று கேட்டேன். "காலையில வர்றேன். அதுக்குள்ள மனசு மாறுச்சுன்னா, நான் வந்து கேக்கறப்ப நீ வீட்டுக்குள்ள இருந்தேன்னு சொல்லிரு. நான் திரும்பிப் போயிருவேன்" என்றார்.

ஜூன் 22, விடியற்காலை

தூங்கவில்லை. மாடு எழுந்துவிட்டது. அம்மா வாசல் தெளிக்கிறாள். அப்பா பல் விளக்கிக்கொண்டே, சாயங்காலம் உனக்கு ஸ்கூல் பேக் புதுசு வாங்கலாம் அம்மிணி என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார். பழைய பை கிழிந்திருப்பதை அவராகவே பார்த்திருக்கிறார். இவர் கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

வீட்டுக்குள் இருந்தேன் என்று சொன்னால் எல்லாம் இப்படியே இருக்கும். அம்மா தெளிப்பாள். அப்பா பை வாங்கித் தருவார். பெரியப்பா டிப்பரைக் கேட்டு வாங்கிப்போவார். பெஞ்சில் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

வண்டிச் சத்தம் கேட்கிறது. எங்கள் தடத்தில்தான் வருகிறது. அம்மா வாளியைக் கீழே வைக்கிறாள். 'யாருங்க இந்நேரத்துல?' என்று அப்பா கேட்கிறார். எஸ்.ஐ.யின் பூட்ஸ் சத்தம் நேரே உள்ளே வருகிறது. என் அறைப் பக்கம். நான் சொல்லிவிடுவேன். நான் மட்டைக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தேன், நான் பார்த்தேன் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுவேன், அம்மா தோளில் கை வைப்பதற்கு முன்னால். கதவைத் தட்டு—